மோலி ராணியும் புதுக்கோட்டையும்: யாரை நம்ம ஆளுன்னு சேர்த்துக்கிறோம்?

இன்னைக்கு எபிசோட் எங்க ஊர்க் கதை. ஆனா தொடங்குறது ஆஸ்திரேலியாவில்.

1915 ஆகஸ்ட் 10. மெல்போர்ன் நகரத்தில் ஒரு பதிவுத் திருமணம். பொண்ணுக்கு இருபது வயசு. பேரு எஸ்மி மேரி சாரெட் ஃபிங்க், எல்லாரும் கூப்பிடுறது மோலி. அப்பா வுல்ஃப் ஃபிங்க் ஒரு வழக்கறிஞர், ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிய யூதக் குடும்பத்துக்காரர். மாப்பிள்ளைக்கு 39 வயசு. பேரு மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். பதினேழு குண்டு மரியாதை பெற்ற புதுக்கோட்டை சமஸ்தானத்தின் ராஜா.

இதை ஒரு காதல் கதையா நிறையப் பேர் எழுதியிருக்காங்க. எட்வர்ட் டைக்கர், கோரலி யங்கர் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு முழுப் புத்தகமே போட்டிருக்காங்க. எனக்கு இந்தக் கதையில் காதலைவிட வேற ஒண்ணு முக்கியமாப் படுது. ஒருத்தர் இன்னொரு சமூகத்தோட பழக்கவழக்கங்களை முழுசாக் கத்துக்கிட்டா, அந்தச் சமூகம் அவரைத் தன் ஆளா ஏத்துக்குமா? 'எங்களை மாதிரி மாறிடு, உன்னைச் சேர்த்துக்கிறோம்'னு சொல்றது உண்மையிலேயே ஒரு வாக்குறுதிதானா?

ராஜாவை யார் வளர்த்தது?

மார்த்தாண்டர் 1875-ல் பிறந்தார். அவருக்கு முன்னாடி ஆண்ட ராமச்சந்திரத் தொண்டைமான் அவருடைய அம்மா வழித் தாத்தா. தாத்தாவுக்கு நேரடி ஆண் வாரிசு இல்லாததால் மகளோட பையனைத் தத்து எடுத்தார். 1886-ல் தாத்தா இறந்ததும் பத்து வயசுப் பையன் ராஜாவானார். இந்தத் தத்து விஷயத்தை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

பையன் பெரியவனாகும்வரை நிர்வாகம் திவான் சேஷய்ய சாஸ்திரி கையில் இருந்தது. புதுக்கோட்டை டவுனுக்குள்ள நேரா, அகலமாப் போற தெருக்களைப் பார்த்திருப்பீங்க. அந்த டவுனைச் சீரமைச்ச வேலைகள் அவர் காலத்திலும் நடந்தது. பையனோட படிப்பு மட்டும் ஃபீல்டிங் கிராஸ்லி என்கிற ஆங்கிலேய ஆசிரியர் பொறுப்பில் இருந்தது. அந்தக் காலத்தில் பல சமஸ்தானங்களில் இதுதான் வழக்கம். இளவரசர்களை ஆங்கிலேயக் கனவான்களா வளர்க்கணும், அப்போதான் ஒழுங்கா ஆளுவாங்க, விசுவாசமாகவும் இருப்பாங்கன்னு பிரிட்டிஷ் அரசாங்கம் நம்புச்சு.

திட்டம் நல்லாவே வேலை செஞ்சது. 1894-ல் முழு அதிகாரம் வந்தப்போ மார்த்தாண்டர் ஆங்கிலத்தில் பேசி, ஆங்கிலேயர் மாதிரி உடுத்தி, அவங்களோட விளையாட்டுகளை ரசிக்கிற மனுஷரா இருந்தார். 1897-ல் விக்டோரியா ராணியோட வைர விழாவுக்கு லண்டன் போனார். 1913-ல் ஜி.சி.ஐ.இ. பட்டம் கிடைச்சது. ஒரு இந்திய ராஜா எந்த அளவுக்கு 'நம்மளை மாதிரி' ஆகணும்னு பிரிட்டிஷார் நினைச்சாங்களோ, அந்த அளவுக்கு அவர் ஆகிட்டார்.

அடுத்த ரெண்டாவது வருஷம் மோலியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். எல்லாம் மாறிப்போச்சு.

ஒரு பட்டம் கிடைக்கவில்லை

1915 கடைசியில் தம்பதி புதுக்கோட்டைக்கு வந்தாங்க. ஊர் ஜனங்க திரண்டு வரவேற்பு கொடுத்தாங்க. பிரிட்டிஷ் அதிகாரிகள் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. ராஜாவின் மனைவிக்குக் கிடைக்கவேண்டிய 'ஹெர் ஹைனஸ்' பட்டத்தை மோலிக்குக் கொடுக்க முடியாதுன்னு அரசாங்கம் மறுத்துடுச்சு. சின்ன விஷயம் மாதிரித் தெரியலாம். ஆனா அந்தப் பட்டம் இல்லைன்னா அவங்க அதிகாரபூர்வமா ராணி கிடையாது, பிறக்கப்போற குழந்தை வாரிசும் கிடையாது. ஒரு வார்த்தையை மறுத்தே அடுத்த தலைமுறையோட உரிமையை மறுக்க முடிஞ்சது.

ஊருக்குள்ள எதிர்ப்பே இல்லைன்னும் சொல்லிட முடியாது. மோலி கர்ப்பமா இருந்தப்போ அவருக்கு அரளி விஷம் வைக்க முயற்சி நடந்ததாச் சொல்றாங்க. தம்பதி ஊட்டிக்குப் போனாங்க. அங்கேயும் வெள்ளைக்கார சமூகம் அவங்களை ஒதுக்கி வச்சது. 1916 ஏப்ரலில் ரெண்டு பேரும் ஆஸ்திரேலியாவுக்கே திரும்பிட்டாங்க. மோலி புதுக்கோட்டை ராணியா இந்த மண்ணில் இருந்தது அரை வருஷம்கூட இல்லை.

1916 ஜூலை 22-ல் மகன் பிறந்தார். வச்ச பேரு மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான். அந்தப் பேரைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. முன்னாடி அப்பா பேரு, பின்னாடி ஆண்ட வம்சத்தோட பேரு, நடுவில் பிறந்த நகரம். பெத்தவங்களுக்கு அந்த மூணும் ஒரே குழந்தைக்குள்ள சமாதானமா இருக்க முடியும்னு தோணியிருக்கு.

எதுக்கு இவ்வளவு பயம்?

ஒரு ஐரோப்பியப் பெண் இந்திய ராஜாவைக் கல்யாணம் பண்ணது இதுதான் முதல் தடவை இல்லை. பஞ்சாப் பக்கம் கபூர்தலா மகாராஜா ஜகத்ஜித் சிங் 1908-லேயே அனிதா டெல்காடோ என்கிற ஸ்பெயின் நாட்டுப் பெண்ணைக் கல்யாணம் பண்ணியிருந்தார். அவரையும் பிரிட்டிஷ் அரசு மகாராணியா ஏத்துக்கலை. ஆனா கபூர்தலாவில் மற்ற ராணிகள் இருந்தாங்க, வளர்ந்த மகன்கள் இருந்தாங்க. வாரிசுப் பிரச்சினையே வரலை. புதுக்கோட்டையில் நிலைமை வேற. ராஜாவுக்கு மோலி ஒரே மனைவி, சிட்னி ஒரே மகன். ஏத்துக்கிட்டா, பாதி ஐரோப்பிய ரத்தம் உள்ள ஒருத்தர் ஒருநாள் சமஸ்தானத்தின் சிம்மாசனத்தில் உட்காருவார்.

ஆளுறவங்க ஒரு இனம், ஆளப்படுறவங்க இன்னொரு இனம் என்கிற கோட்டின் மேலதான் மொத்த பிரிட்டிஷ் ஆட்சியும் நின்னுக்கிட்டு இருந்தது. அந்தக் கோட்டின் ரெண்டு பக்கமும் கால் வச்ச ஒரு ராஜா, அவங்களுக்கு ஒரு சமஸ்தானத்தோட முடியிற சிக்கல் இல்லை.

அப்போ வம்ச சுத்தம் என்கிற வாதம்? இங்கேதான் அந்தத் தத்து விஷயம் வருது. மார்த்தாண்டரே அப்பா வழியில் ராஜாவானவர் இல்லை. மகள் வயித்துப் பேரன், தத்துப் பிள்ளை. அப்போ விதியை வளைக்க முடிஞ்சது. சிட்னி, சட்டப்படி கல்யாணம் பண்ண ராஜாவுக்குப் பிறந்த சொந்த மகன். அவர் விஷயத்தில் வளைக்க முடியலை. விதி எங்கே வளையும், எங்கே வளையாதுன்னு முடிவு பண்ற அதிகாரம் ராஜாகிட்டயும் இல்லை, ஊர்கிட்டயும் இல்லை.

பிறப்பை வச்சு மனுஷனை அளக்கிற இந்தப் பழக்கம் அரண்மனையோட நிக்கலை. தொண்டைமான்கள் கள்ளர் சமூகம். அதே பெயரில் வேற கிளையான பிரமலைக் கள்ளர்களை மதுரைப் பக்கம் அதே அரசாங்கம் அதே வருஷங்களில் குற்றப்பரம்பரைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. பிறந்ததாலேயே ஒருத்தரைக் குற்றவாளியாப் பதிவு பண்ற சட்டம் அது. கைரேகை வைக்க மறுத்த மக்கள் மேல 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்துச்சு, உயிர்கள் போச்சு. ராஜாவோட சொகுசையும் அந்த ஊர்க்காரங்க பட்ட கொடுமையையும் நான் ஒரே தராசில் வைக்கலை. ஆனா ரெண்டு இடத்திலும் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: நீ யாருக்குப் பிறந்தே?

வெள்ளை ஆஸ்திரேலியாவில் ஒரு கறுப்பு ராஜா

சரி, ஆஸ்திரேலியா மட்டும் கைநீட்டி வரவேற்றதா? 1901-ல் அந்த நாடு குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கைன்னு நாம படிக்கிறது அதைத்தான். சட்டத்தில் எங்கேயும் நிறம் என்கிற வார்த்தை வராது. அதுக்குப் பதிலா ஒரு டிக்டேஷன் பரீட்சை. வந்து இறங்குறவர்கிட்ட ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் ஐம்பது வார்த்தை வாசிப்பாங்க, அவர் எழுதணும். எந்த மொழின்னு முடிவு பண்றது அதிகாரி. ஆங்கிலம் தெரிஞ்சவருக்கு வேற ஒரு மொழியை வச்சுட்டா கதை முடிஞ்சது.

சாப்ட்வேர்க்காரங்களுக்கு இது உடனே புரியும். வெளியே பார்த்தா எல்லாருக்கும் பொதுவான விதி. உள்ளே இருக்கிற லாஜிக் என்னவோ முதலிலேயே முடிவான பதிலைத்தான் திருப்பிக் கொடுக்கும்.

ராஜா ராஜாங்கிறதால் சிட்னியில் வீடு எடுத்துத் தங்கி, குதிரைப் பந்தயத்தில் கலந்துக்க முடிஞ்சது. அதே நேரத்தில் ஆலங்குடியிலிருந்தோ அறந்தாங்கியிலிருந்தோ ஒரு விவசாயி கூலி வேலைக்கு அங்கே போய் இறங்கியிருந்தா அந்த ஐம்பது வார்த்தையைத் தாண்டியிருக்க மாட்டார். பணமும் பட்டமும் நிறத்தைக் கொஞ்சம் மறைக்கும். எதுவரைக்கும் மறைக்கும்னு கேட்டா, வாரிசு என்கிற பேச்சு வர்ற வரைக்கும்.

1920-களில் குடும்பம் ஐரோப்பாவுக்குப் போய், பிரான்ஸின் கான் நகரத்தில் வாழ்ந்தது. ஆட்சிப் பொறுப்பு 1922-ல் ராஜாவின் சகோதரர் ரகுநாத பல்லவராயர் கைக்குப் போனது. 1928 மே 28-ல் மார்த்தாண்டர் பாரிஸில் இறந்தார். லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் தகனம் நடந்தது. அப்போ சிட்னிக்குப் பதினோரு வயசு. அந்த நவம்பரில் புதுக்கோட்டையில் முடிசூட்டப்பட்டவர், அரச குடும்பத்தின் இன்னொரு கிளையைச் சேர்ந்த ஆறு வயசு ராஜகோபாலத் தொண்டைமான். சிட்னி கடைசிவரைக்கும் ராஜா ஆகலை. மோலி 1967-ல் கான் நகரத்தில் காலமானார்.

கலப்படமே இல்லாத புதுக்கோட்டை எங்கே இருந்தது?

திருக்கோகர்ணத்தில் இருக்கிற அரசு அருங்காட்சியகத்துக்கு யாராவது போனீங்கன்னா அம்மன் காசைத் தேடிப் பாருங்க. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் சொந்தச் செப்புக் காசு. இருபது காசு சேர்ந்தா ஒரு அணா. ஒரு பக்கம் தொண்டைமான்களின் குலதெய்வம் பிரகதாம்பாள். மறுபக்கம் 'விஜய' என்கிற எழுத்து, தெலுங்கு லிபியில். மார்த்தாண்டர் காலத்தில் இந்தக் காசை அச்சடிச்சுக் கொடுத்தது இங்கிலாந்தில் இருக்கிற பர்மிங்காம் நகரம். அதைத்தான் நவராத்திரிக்கு அரிசியோட சேர்த்து ஜனங்களுக்கு தானமாக் கொடுத்தாங்க.

தமிழ் ராஜா, சமஸ்கிருதப் பேருள்ள அம்மன், தெலுங்கு எழுத்து, பர்மிங்காம் இயந்திரம். அந்தக் காசைக் கையில் வாங்கின யாரும் 'இது நம்ம காசுதானா'ன்னு கேட்டிருக்க மாட்டாங்க. ஒரு ஊரோட அடையாளம் எப்பவுமே இப்படித்தான் பல கைகளில் உருவாகியிருக்கு. அது எங்க பாட்டன் காலத்திலிருந்து சுத்தமா இருந்தது, நேத்து வந்தவங்கதான் கெடுத்தாங்க என்கிற பேச்சு எழுறது பெரும்பாலும் ஒரு ஆளை வெளியே நிறுத்தணும்னு தேவை வரும்போதுதான்.

1948: ரெண்டு கையெழுத்து

ராஜா கதையோட நிறுத்தினா இது பழைய கதையாப் போயிடும். அதனால இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். மார்த்தாண்டர் சிட்னியில் குதிரைப் பந்தயம் பார்த்துக்கிட்டு இருந்த காலத்திலேயே அவரோட குடிமக்கள் ஆயிரக்கணக்கில் மண்டபம், தலைமன்னார் வழியா இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்க்கிட்டு இருந்தாங்க. புதுக்கோட்டையும் அதைச் சுத்தின வறண்ட சீமைகளும் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பின முக்கியமான இடங்கள்.

1948 மார்ச் 3-ல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோட இணைஞ்சது. அதே வருஷம் நவம்பர் 15-ல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தலைமுறைக் கணக்குக்கு ஆவணம் காட்ட முடியாத மலையகத் தமிழர்கள் பெரும்பாலானோர் ஒரே அடியில் நாடற்றவர்கள் ஆனாங்க. யோசிச்சுப் பாருங்க. கிளம்பி வந்த சமஸ்தானமும் இப்போ வரைபடத்தில் இல்லை, வாழுற நாடும் 'நீ எங்க ஆளில்லை'ன்னு சொல்லிடுச்சு. அந்த மலையைத் தேயிலைத் தோட்டமா மாத்தினது அவங்க குடும்பங்களோட உழைப்பு. பிள்ளைகள் பிறந்ததும் செத்தவங்களைப் புதைச்சதும் அங்கேதான். இதைவிட அதிகமா ஒருத்தர் ஒரு நாட்டோட எப்படி ஒன்றிப்போக முடியும்?

1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பத்திப் பின்னாடி பேசிக்கலாம்னு முடிவாச்சு. சம்பந்தப்பட்ட ஜனங்க அந்த மேசையில் உட்காரலை. இங்கே வந்தவங்களுக்கு அரசாங்கக் காகிதத்தில் 'தாயகம் திரும்பியோர்'னு பேரு. ஊருக்குள்ள வச்ச பேரு 'சிலோன்காரங்க'. அங்கே இருந்தப்போ 'இந்தியக்காரன்', 'கள்ளத்தோணி', இங்கே வந்ததும் 'சிலோன்காரன்'. கடலின் எந்தப் பக்கம் நின்னாலும் மறுபக்கத்து ஆளாத்தான் பார்க்கப்பட்டாங்க.

1983-க்கு அப்புறம் போரிலிருந்து தப்பி வந்தவங்க கதை தனி. லேணாவிலக்கு, அழியாநிலை, தோப்புக்கொல்லைன்னு எங்க மாவட்டத்தில் முகாம்கள் இருக்கு. 2021-ல் தமிழ்நாடு அரசு அதுகளோட பேரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்'னு மாத்துச்சு. பேர் மாறினது நல்லதுதான். ஆனா இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு அப்புறம் இந்தியாவில் பிறந்த குழந்தைக்கு, பெத்தவங்களில் ஒருத்தராவது இந்தியக் குடிமகனா இருந்தாத்தான் பிறப்பால் குடியுரிமை. 2004-ல் அது இன்னும் இறுகிடுச்சு. 2019 திருத்தச் சட்டம் மூணு அண்டை நாட்டுக்காரங்களுக்கு வழி திறந்தப்போ அதில் இலங்கை இல்லை.

இதோட அர்த்தம் என்ன? அகதிப் பெற்றோருக்கு 1990-ல் இங்கே பிறந்த ஒருத்தருக்கு இப்போ என்னைவிட வயசு அதிகம். என் மாதிரியே புதுக்கோட்டைத் தமிழ் பேசுவார், இதே பஸ் ஸ்டாண்டில் டீ குடிப்பார், இங்கேயே இன்ஜினியரிங்கூடப் படிச்சிருப்பார். பாஸ்போர்ட் எடுக்கணும்னா மட்டும் அவர் வெளிநாட்டுக்காரர். அவர் சிட்னி தொண்டைமான் மாதிரி கான் நகரத்துக்குப் போய் வாழவும் முடியாது.

கரையிறது ஒருத்தர் வேலை, சேர்த்துக்கிறது இன்னொருத்தர் வேலை

என் துறையில் இது தினசரிப் பேச்சு. வெளிநாட்டு டீமோட கால் பேசும்போது பேரைச் சுருக்கிக்கிறோம், உச்சரிப்பை மாத்திக்கிறோம். ஆன்சைட் போன நண்பர்கள் அந்த ஊர் விளையாட்டு, சாப்பாடு, ஜோக் எல்லாம் கத்துக்கிறாங்க. நல்லாக் கலந்துட்டா பிரச்சினை இருக்காதுன்னு ஒருத்தருக்கொருத்தர் அறிவுரை சொல்லிக்கிறோம். கலந்து பழகுறது தப்பே இல்லை, அதில் சந்தோஷமும் இருக்கு. ஆனா அது ஒரு ஒப்பந்தம்னு நம்பிடக்கூடாது. மார்த்தாண்டர் கலந்ததில் எந்தக் குறையும் இல்லை. மலையகத் தொழிலாளிகள் கலந்ததில் குறை இல்லை. லேணாவிலக்கில் வளர்ந்த பிள்ளைங்க கலந்ததிலும் குறை இல்லை. மூணு இடத்திலும் பேரேடு வேற ஒருத்தர் கையில் இருந்தது.

அதனால ஒருத்தர் சரியா ஒட்டலைன்னு யாராவது சொன்னா, எனக்கு முதலில் வர்ற கேள்வி: எவ்வளவு ஒட்டினாப் போதும்னு யார் சொல்றது, அந்த அளவு நாளைக்கு மாறாதா? வெளிநாட்டில் நம்ம ஆளுங்களுக்காக இந்தக் கேள்வியை நாம சத்தமாக் கேட்கிறோம். அதே சத்தத்தோட திருமயம் ரோட்டில் நின்னு கேட்கிறோமா? கட்டட வேலைக்கு வந்த பீகார்காரரைப் பத்திப் பேசும்போது கேட்கிறோமா?

ராஜகோபாலத் தொண்டைமான் கொடுத்த அரண்மனையில்தான் இன்னைக்கு எங்க கலெக்டர் ஆபீஸ் நடக்குது. சிட்னி வாழ முடியாத அரண்மனை வம்சத்தின் கட்டடம். வாரிசுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முகாம் விவகாரம்னு யார் யாருக்குச் சொந்தம் என்கிற மனுக்கள் இன்னைக்கும் அங்கேதான் வருது. முடிவு பண்றது இப்போ வெள்ளைக்காரங்க இல்லை. நாம ஓட்டுப் போட்டு அமைக்கிற அரசாங்கம். அதனால பொறுப்பும் நம்மகிட்டதான் இருக்கு.

உங்க வீட்டில் பழைய சிலோன் பாஸ்போர்ட், தாயகம் திரும்பினவங்களுக்குக் கொடுத்த அட்டை, ரங்கூன் கடிதம், மலேயா போட்டோ ஏதாவது இருந்தா வீட்டுப் பெரியவங்களை உட்கார வச்சு அதோட கதையைக் கேளுங்க. போனில் ரெக்கார்ட் பண்ணி வையுங்க. அனுப்பினீங்கன்னா அடுத்த எபிசோடில் சேர்ந்து கேட்கலாம்.